ஒரு சொட்டுகூடக் கீழே விழாது

“இந்த வீட்டுல இனிமே ஒரு சொட்டுகூடக் கீழ விழாது! இது என் தொழில் மேல சத்தியம்!”

பிளம்பர் இந்தச் சபதத்தை ஒற்றைக் காலில் நின்றபடி செய்தார். தவம் எல்லாம் ஒன்றும் இல்லை. மற்ற கால் நனைந்திருந்தது. காலையில் தூக்கக் கலக்கத்தோடு சமையலறைக்குள் நுழைந்தவர், தரையில் இருந்த சின்னக் குளம் ஒன்றில் நேராகப் போய் இறங்கிவிட்டார். குளம் வெட்டிய புண்ணியவான் மேடைக்குக் கீழே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, அடுத்த காலையும் வைப்பாரா என்று வாலை ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்து இரண்டு மாதம்தான் இருக்கும் நாய்க்குட்டி. முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்திருந்தது. அன்று காலையே அதற்குச் ‘சொட்டு’ என்று பெயர் வந்துவிட்டது.

பிளம்பரின் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் கைவிட்ட கேஸ் எல்லாம் அவரிடம்தான் வரும். சுவரில் காதை வைத்துக் கேட்டே உள்ளே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். அவ்வளவு கூர்மையான காது. மனைவி பேசுவது மட்டும் அந்தக் காதில் சரியாக விழாது.

மனைவி பஸ் டிரைவர். டிப்போவிலிருந்து கிளம்பும் முதல் பஸ் அவளுடையது. ஊர் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அவள் ஊரை ஒரு சுற்று சுற்றி வந்திருப்பாள். அன்று காலையும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் டீயைக் குடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“ராத்திரி பூரா அது அழுதுச்சு. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?”

“அழுதுச்சா? நல்லாத் தூங்குச்சே!”

“தூங்கினது நீங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெருவுக்கே தெரியும்.”

பிளம்பரின் குறட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது சாதாரணக் குறட்டை இல்லை. காற்று அடைத்த குழாய் மாதிரி முதலில் ‘கொர்’ரென்று இழுக்கும். பிறகு நின்றுவிடும். அப்பாடா, ஒழிந்தது என்று எல்லாரும் கண்ணை மூடும் நேரம் பார்த்து, மறுபடி ‘ஃபூ’ என்று திறந்துகொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து மனைவி இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவர் நம்பியதில்லை. “என் குறட்டையை நான் ஒரு நாளும் கேட்டதில்லையே! நேர்ல பாக்காத லீக்கை நான் ஒத்துக்க மாட்டேன்” என்று அடித்துப் பேசுவார்.

போதாக்குறைக்கு, இடுப்பு வலி என்று சொல்லி, சமீபத்தில் ஒரு பெரிய கட்டிலும் மெத்தையும் வாங்கியிருந்தார். கடையில் இருந்த ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துப் பார்த்துத்தான் வாங்கினார். கடைசி மெத்தையில் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். கடையில் நின்ற மற்ற ஜனங்கள் ஒவ்வொருவராக நழுவிப் போவதைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டு உடனடியாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கட்டிலில் ஜன்னல் பக்கம் பிளம்பருடையது. உலகத்தில் வேறு எதை விட்டுக் கொடுத்தாலும் அந்த இடத்தை மட்டும் அவர் விட்டுக் கொடுக்க மாட்டார்.

அதனால்தான், மாவு மில் வைத்திருக்கும் மச்சினன் முந்தின நாள் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து குட்டியை இறக்கியதுமே, பிளம்பர் விரலை நீட்டிச் சட்டம் போட்டார்.

“வளத்துக்கோ. வேண்டாங்கலை. ஆனா ஒண்ணு. நாய் பெட்ரூமுக்குள்ள வரக் கூடாது. வாசப்படியை ஒரு கால்கூடத் தாண்டக் கூடாது. ஆமா!”

“சரிங்க” என்றாள் மனைவி.

ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு ‘சரிங்க’ அவர் காதில் விழுந்ததே கிடையாது. மூன்றாவது மாடியில் கேஸ் கசிந்தால் தெருமுனையிலேயே மோப்பம் பிடிக்கிற மனிதர், அன்றைக்கு என்னவோ கோட்டை விட்டுவிட்டார்.

சபதம் செய்தாயிற்று. அதற்கு மேல் சும்மா இருக்க முடியுமா? பிளம்பர் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார்.

“சப்ளையைக் கட் பண்ணினா லீக் தானா நிக்கும். எல்லாம் ஒரே தத்துவம்தான்” என்று சொல்லி, மத்தியானமே குட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார்.

“ஐயோ, பச்சைக் குழந்தைங்க அது. நாக்கு வறண்டு போயிடும்.”

“எனக்கே பிளம்பிங் சொல்லித் தரியா?”

“நாய்க்கு எதுங்க பிளம்பிங்?”

“உள்ள போற குழாய் ஒண்ணு, வெளிய வர குழாய் ஒண்ணு. நடுவுல ஒரு டேங்க். வேற என்ன வேணும்?”

இதில் அவர் மறந்துபோன ஒரு விஷயம் இருந்தது. ஊர்க் குழாயை எல்லாம் அடைத்தவர் வீட்டில் வாஷ்பேசின் ஒழுகிக்கொண்டிருந்தது. “நாளைக்குப் பாக்கறேன்” என்று அவர் சொல்ல ஆரம்பித்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு வாளி நிரந்தரமாகக் குடியிருந்தது. தாகம் எடுத்த சொட்டு வீடு முழுக்கத் தேடி, அந்த வாளியைக் கண்டுபிடித்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி உள்ளே வைத்து, வயிறு பந்து மாதிரி ஆகும் வரை குடித்தது. மறுநாள் காலையில் குளம் ஏரியாகிவிட்டது.

மனைவி கிண்ணத்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். “பகல்ல எப்பவும் தண்ணி இருக்கணும். படுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்தாப் போதும். சாப்பிட்டதும் ஒரு தடவை, விளையாடி முடிச்சதும் ஒரு தடவை, தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போகணும். நடு ராத்திரிலயும் ஒரு தடவை. அவ்வளவுதான் விஷயம்.”

“இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?”

“டிப்போல பாதிப் பேர் வீட்டுல நாய் இருக்கு.”

“டிப்போக்காரங்களுக்கு என்ன தெரியும்? ஓட்டை பஸ்ஸை வெச்சுக்கிட்டு மழைக்கு ஒழுகறவங்கதானே!”

அடுத்த முயற்சி தார்ப்பாய். சமையலறைத் தரை முழுவதும் சுவருக்குச் சுவர் விரித்து, ஓரத்துக்கு டேப் ஒட்டி, தூரத்தில் நின்று அழகு பார்த்தார். சொட்டுவுக்குத் தார்ப்பாய் பிடிக்கவில்லை. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, முகர்ந்து முகர்ந்து நடந்து, அந்த அறையிலேயே தார்ப்பாய் இல்லாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தது. அது பிளம்பரின் கருவிப் பை. அன்றைக்கு ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஸ்பேனரை வெளியே எடுத்ததும், அந்த வீட்டுக்காரர், “என்னங்க, லீக் இப்பதான் இன்னும் மோசமா நாறுது?” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

திட்டியும் பார்த்தார். “ஏய்! என்ன பண்ணி வெச்சிருக்கே?” என்று அவர் கையை ஓங்கிக்கொண்டு குதித்தால், சொட்டுவும் கூடவே குதித்தது. புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. அவர் ஆடி ஓய்ந்த பிறகு, இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்பது போல அதே இடத்தில் மறுபடி ஒரு சின்னக் குளம் வெட்டியது.

ஈரம் ஒரு பக்கம் என்றால் அழுகை ஒரு பக்கம். விளக்கை அணைத்தால் போதும், முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு சிணுங்கல், அப்புறம் ஊரைக் கூட்டும் ஓலம். துண்டில் கடிகாரத்தைச் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் தாயின் நெஞ்சுத் துடிப்பு என்று நினைத்துத் தூங்கிவிடும் என்று பைப் கடைக்காரர் யோசனை சொன்னார். பிளம்பர் வீட்டில் இருந்த அலாரம் கடிகாரத்தைச் சுற்றி வைத்தார். அலாரத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பைப் கடைக்காரர் சொல்லவில்லை. இவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாடிவீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்பு வளையம்.

“சார், ஒண்ணு நாயை நிறுத்துங்க, இல்ல குறட்டையை நிறுத்துங்க. ரெண்டும் ஒரே சுருதில இல்ல.”

“குறட்டையா? எங்க வீட்டுலயா? நீங்க பக்கத்து வீட்டைச் சொல்றீங்க.”

“பக்கத்து வீட்டுல ஒரு வருஷமா ஆளே இல்ல சார். காலி பண்ணிட்டுப் போனதே உங்களாலதான்.”

சாயங்காலம் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்த மனைவி, “இன்னிக்கு ஒரு ஸ்டாப்பை நிக்காமத் தாண்டிட்டேன்” என்றாள். “கண்ணு சொருகிடுச்சு. அங்க நின்னுட்டிருந்தது எங்க இன்ஸ்பெக்டர்.”

பிளம்பருக்கு அது காதில் விழுந்தது. மனதில் கொஞ்சம் தைக்கவும் செய்தது. ஆனால் அதற்குள் சொட்டு அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியதால், தைத்தது அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு வாரத் தோல்வியின் அசதி. மனைவி பெட்ரூமில் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்ததால், பிளம்பர் ஹால் தரையிலேயே துண்டை விரித்துப் படுத்தார். படுத்தது மட்டும்தான் ஞாபகம். கண் விழித்துப் பார்த்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது. சொட்டு! நாலு காலையும் பரப்பிப் போட்டுக்கொண்டு செத்த பிணம் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி கன்னத்தில் கையை வைத்து எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“அதிசயங்க! இவ்வளவு நேரமும் ஒரு சத்தம் இல்ல. தரையப் பாருங்க, ஒரு சொட்டு ஈரம் இல்ல.”

“எப்படி?”

“எப்படியோ. நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல, அதுக்கு ஒரு தைரியம்.”

பிளம்பர் எழுந்து உட்கார்ந்தார். மார்பு தானாக விரிந்தது. “அதான் பாத்தேன். பொறுப்பான ஒரு ஆள் பக்கத்துல இருந்தா எல்லாம் சரியா இருக்கும்.”

“வாஸ்தவம்தான். ஆனா அதுக்காக உங்களைப் போய் தினம் ஹால்ல படுக்கச் சொல்ல முடியுமா? பாவம், உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?”

“என் இடுப்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. கட்டாந்தரைல படுக்கற வயசா உங்களுக்கு?”

“என் வயசுக்கு என்ன?”

“கோவப்படாதீங்க. நடுவுல எழுந்து, குட்டியைத் தூக்கிட்டு, கதவைத் திறந்து வெளிய போகணும். அதெல்லாம் உங்களால ஆகாது. விட்டுடுங்க.”

“ஆகாதா? யாரைப் பாத்து ஆகாதுங்கற? சாக்கடைக்குள்ள விடிய விடிய நின்னவன்டி நான்!”

“வேண்டாங்க. நான் சம்மதிக்கவே மாட்டேன்.”

“உன் சம்மதத்தை யார் கேட்டா? இன்னிலேருந்து நான் ஹால்லதான் படுப்பேன்!”

“அடம் பிடிக்காதீங்க.”

“பிடிப்பேன்! இது நனைக்காம ராத்திரி முழுக்கத் தூங்கக் கத்துக்கற வரைக்கும் இங்கதான் படுப்பேன். கத்துக்கிட்ட அன்னிக்கு என் கட்டில் எனக்கு. நடுவுல நீ கெஞ்சிக் கூப்பிட்டாலும் வர மாட்டேன்!”

மனைவி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். “உங்க பிடிவாதத்தை என்னிக்கு என்னால மாத்த முடிஞ்சிருக்கு?” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு போர்வை, குட்டிக்கு ஒரு துண்டு, ஒரு டார்ச் எல்லாவற்றையும் எடுத்து வந்து வைத்தாள். எல்லாம் மடித்துத் தயாராக இருந்தன. டார்ச்சுக்குப் புது பேட்டரிகூடப் போட்டிருந்தது. எப்போது போட்டாள் என்று பிளம்பர் கேட்கவில்லை. ஜெயித்த மகிழ்ச்சியில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

அன்றிலிருந்து பிளம்பர் ஹால்வாசி ஆனார். ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. சொட்டுவுக்கு அவசரம் வந்தால் அவர் காது மடலைக் கடித்து இழுக்கும். ஊர்க் கசிவை எல்லாம் கேட்ட காது, இப்போது கடிபட்டு எழுந்தது. குட்டியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவார். அங்கே சொட்டு புல்லைப் பார்க்கும், வானத்தைப் பார்க்கும், ஒரு பூச்சியின் குடும்ப நிலவரத்தை விசாரிக்கும். வந்த காரியத்தை மட்டும் செய்யாது. அவர் பனியனோடு நின்று கெஞ்சுவார். காரியம் முடிந்ததும் சந்தோஷம் தாங்காமல் கையைத் தட்டிவிடுவார்.

“ராத்திரி யாருக்கு சார் ‘சபாஷ்டா கண்ணு, சிங்கக்குட்டி’ன்னு கை தட்டினீங்க?” என்று மாடிவீட்டுக்காரர் காலையில் விசாரித்தார்.

“அது… ஒரு வேலை விஷயமா.”

திட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. சொட்டு எங்கேயாவது வட்டம் போட்டு முகர ஆரம்பித்தால், கையில் இருக்கும் சோற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினார். தவறி நனைத்துவிட்டால் வாயைத் திறக்காமல் துணியை எடுத்து, வாசனை போகும் வரை தானே துடைத்தார். வேலைக்குப் போன இடத்தில், “குட்டிக்கு நேரமாச்சு” என்று பாதிக் குழாயோடு எழுந்து வந்தார். சந்தோஷமாகத்தான் வந்தார். வாசலில் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், உருண்டு புரண்டு ஓடி வரும் அந்த ஜீவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதல் முதலாகத் தரை காய்ந்திருந்த காலையில், பிளம்பர் பாயில் உட்கார்ந்தபடியே கையால் தரையைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை தடவினார். கண் கலங்கிவிட்டது. பெரிய பெரிய கட்டிடங்களின் கசிவை எல்லாம் நிறுத்தியபோதுகூட அவருக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய மனைவியோ நாளுக்கு நாள் பொலிந்துகொண்டே போனாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மறைந்தது. காலையில் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை வாரினாள். டிப்போவில், “என்ன கிரீம் போடறீங்க?” என்று பெண்கள் கேட்கிறார்களாம். எந்த ஸ்டாப்பும் தவறவில்லை. இன்ஸ்பெக்டரே கூப்பிட்டுப் பாராட்டினாராம். ஒரு நாள் அதிகாலையில் பெட்ரூம் கதவு இடுக்கு வழியாகப் பிளம்பர் எட்டிப் பார்த்தார். இரண்டு பஸ் நிற்கும் இடத்தில் ஒரே பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினாற்போல, கட்டிலின் இந்தக் கோடியில் தலையும் அந்தக் கோடியில் காலுமாகப் படுத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஜன்னல் பக்கத்தில் அவள் கால் இருந்தது. பிளம்பருக்கு வயிறு எரிந்தது.

போகட்டும், கெடு முடியப்போகிறதே! ஒரு வாரம் தொடர்ந்து தரை காய்ந்திருந்தது. அன்று இரவு பிளம்பர் பாயைச் சுருட்டினார். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போருக்குப் போய்த் திரும்பிய ராஜா மாதிரி பெட்ரூமுக்குள் நுழைந்தார்.

“வந்துட்டேன்!”

“வாங்க, வாங்க. யார் வேண்டாம்னா?” என்றாள் மனைவி. காலை மடக்கி இடம்கூட விட்டாள்.

பிளம்பர் மெத்தையில் சாய்ந்தார். ஆகா! இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றி சொன்னது. கண்ணை மூடினார். ஹாலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு சிணுங்கல். பிறகு வாசற்படி ஓரத்தில் நகத்தால் கதவைப் பிறாண்டும் சத்தம். அப்புறம் ஓலம்.

“அழறான்” என்றார் பிளம்பர்.

“அழட்டும். பழகிடும்.”

“எப்படிப் பழகும்? இருட்டுல தனியா… சின்னப் பையன்.” சிறிது நேரம் புரண்டுவிட்டு, மெல்லக் குரலை இறக்கினார். “ஏம்மா, இன்னிக்கு ஒரு நாளைக்கு அவனையும் இங்க கட்டில் பக்கத்துல…”

மனைவி சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். “என்னங்க சொல்றீங்க? நாய் பெட்ரூமுக்குள்ள வரக் கூடாதுன்னு நீங்க போட்ட சட்டங்க அது!”

“போட்டேன்தான். இப்ப நானே சொல்றேன்ல?”

“நீங்க சொல்லுவீங்க. உங்க வார்த்தையை மீற எனக்கு மனசு வருமா? நாளைக்கு நாலு பேர், இந்த வீட்டுல ஆம்பளை பேச்சுக்கு மதிப்பு இல்லைன்னு சொன்னா எனக்குத்தானே அவமானம்?”

இவ்வளவு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. தலையணையை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். “சும்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான்” என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு நாள் அந்த வாரம் முழுக்க நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் மில் வேனை ஓட்டிக்கொண்டு சாப்பிட வந்தான். பிளம்பருக்குப் பெருமை பிடிபடவில்லை. சொட்டுவை மடியில் வைத்துக்கொண்டு கதை கதையாக அளந்தார்.

“பாருங்க மாப்ளே, வீடு எவ்வளவு காய்ஞ்சு கிடக்குன்னு. எல்லாம் என் டிரெயினிங். நான் பக்கத்துல படுத்தா ஒரு சத்தம் போட மாட்டான். என் மேல அவ்வளவு மரியாதை!”

மச்சினன் வாயில் வைத்த சாப்பாட்டை விழுங்கிவிட்டு நிமிர்ந்தான். “தூங்குதா மாமா? நிஜமாவா? எங்க மில்லுல இது எங்க உயிரை எடுத்துடுச்சு. தாய் நாய் மோட்டாருக்குப் பின்னாடிதான் குட்டி போட்டிருந்துச்சு. மத்த குட்டிங்க எல்லாம் சாது. இது ஒண்ணுதான், மோட்டார் பக்கத்துலயே ஓடினாத்தான் தூங்கும். மோட்டாரை நிறுத்தினோமோ போச்சு, ஊரைக் கூட்டிடும். வேற குட்டி எடுத்துக்கோன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அக்காதான் இந்தக் குட்டியேதான் வேணும்னு ஒரே பிடியா நின்னா. இங்க மோட்டாருக்கு நீ என்ன பண்ணுவேன்னு கேட்டேன். அதெல்லாம் வீட்டுல இருக்குன்னா.”

பிளம்பர் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர் ஜாடியை வெகு கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப… மில் மோட்டாரும் நானும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்லங்க. மோட்டாரை நிறுத்த ஸ்விட்ச் இருக்கு.”

மச்சினனுக்குப் புரையேறியது. பிளம்பருக்கு முகம் சிவந்தது. “என்னை ஓரங்கட்டறதுக்கு ஒரு நாயைப் பிடிச்சுட்டு வந்தியா? குறட்டை விடறேன்னா நேரடியாச் சொல்ல வேண்டியதுதானே?”

மனைவி ஜாடியைக் கீழே வைத்தாள். அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. “எத்தனை தடவை சொன்னேன்? ஒவ்வொரு தடவையும், நான் குறட்டையே விடறதில்லைன்னு சத்தியம் பண்ணினீங்க. பஸ் நிறைய ஜனங்க, ஸ்கூல் போற பிள்ளைங்க எல்லாம் என்னை நம்பி ஏறி உக்காருதுங்க. நான் கண்ணைத் திறந்து வெச்சுக்க என் தொடையை நானே கிள்ளிக்கிட்டு ஓட்டினேன். பயமா இருந்துச்சுங்க. உங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, ராத்திரியைத் தவிர.”

தொடையைக் கிள்ளிக்கொண்டாளாம். சுவருக்குள் ஒழுகுவதைக் கேட்கத் தெரிந்த தனக்கு, பக்கத்தில் படுத்தவள் தூங்கவில்லை என்பது தெரியவில்லையே என்று பிளம்பருக்கு வெட்கமாக இருந்தது. மடியில் இருந்த சொட்டுவின் தலையைத் தடவினார். அவளைக் கோபிக்க முடியவில்லை. சொட்டுவைக் கோபிக்கவும் முடியவில்லை. ஆனால் கட்டில்? ஜன்னல் பக்கம்? அதை மட்டும் எப்படி விடுவது?

யோசித்தார். தொழில் மூளை வேலை செய்தது. பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே!

“சரி. நடந்தது நடந்துடுச்சு. உனக்குத் தூக்கம் வேணும், அவ்வளவுதானே? தூங்கு. யார் வேண்டாம்னா?” என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்தச் சட்டத்தை நானே ரத்து பண்றேன். இன்னிக்கு ராத்திரிலேருந்து நானும் சொட்டுவும் பெட்ரூம்ல, கட்டில்ல. நீ ஹால்ல ஃபேனுக்குக் கீழ நிம்மதியாப் படுத்துக்கோ. கதவைச் சாத்திடறேன். உனக்குத் தூக்கம், அவனுக்கு மோட்டார், எனக்குக் கட்டில். யாருக்கும் நஷ்டம் இல்ல. எப்படி நம்ம யோசனை?”

“பிரமாதம். பெட்ரூமை நீங்களே வெச்சுக்குங்க” என்றாள் மனைவி, கொஞ்சமும் தயங்காமல்.

பிளம்பருக்கு வாயெல்லாம் பல். ஒரு வழியாக இந்த வீட்டில் ஒரு தடவையாவது ஜெயித்தாயிற்று. சொட்டுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “பாத்தியாடா, இனிமே உனக்கும் மெத்தைதான்” என்று கொஞ்சினார்.

மச்சினன் கையைக் கழுவிக்கொண்டு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“சாப்பிட்டாச்சுன்னா ஒரு கை பிடிங்க மாமா. அக்காவுக்கு வாங்கின ஒத்தைக் கட்டிலை வேன்லேருந்து இறக்கி ஹால்ல போட்டுட்டு, எனக்குக் கொடுத்த பெரிய கட்டிலை மெத்தையோட ஏத்தணும்.”